ஜாக்கோபி அணிகளில் ஆராய்ச்சி: அல்சூரில் இருந்து எழுதிய தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

எம்.எஸ்சி. கணிதம் முடிக்கப்போகும் உங்கள் மகள், வரம்பற்ற ஜாக்கோபி அணிகளின் நிறமாலைக் கோட்பாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவதாகவும், பெங்களூரில் கணினி வேலைகள் இவ்வளவு இருக்கும்போது பெயரே விளங்காத ஒன்றில் ஐந்தாண்டுகளைச் செலவிடுவது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கவலை நியாயமானது. என் கருத்தில் அவர் இதைச் செய்யலாம். ஆனால் தலைப்பின் மேலுள்ள ஈர்ப்பு மட்டும் போதாது.

முதன்மை மூலைவிட்டத்திலும் அதை ஒட்டி மேலும் கீழும் செல்லும் இரு மூலைவிட்டங்களிலும் மட்டும் எண்கள் இருந்து, மற்ற இடமெல்லாம் பூஜ்ஜியமாக உள்ள சமச்சீர் அணியே ஜாக்கோபி அணி. அது முடிவின்றி நீண்டு, உறுப்புகளும் கட்டின்றிப் பெருகும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. முதன்மை மூலைவிட்டம் முழுவதும் பூஜ்ஜியம் என்று கொள்வோம். பக்க மூலைவிட்டத்தின் n ஆம் உறுப்பு √n என்றால், அந்த உறுப்புகளின் தலைகீழிகளின் (1/√n) கூட்டுத்தொகை விரிகிறது, அதாவது எல்லையின்றிப் பெருகுகிறது; எனவே கணிதர் கார்லெமானின் நிபந்தனைப்படி அந்த அணி ஒரே ஒரு தன்-இணை ஆப்பரேட்டரை (சமச்சீர் அணியின் முடிவிலி வடிவத்தை) தருகிறது. குவாண்டம் இயற்பியலில் சீரிசை அலையியற்றியின் இடத்தைக் குறிக்கும் அணி, ஒரு மாறிலிப் பெருக்கம் தவிர, இதுவேதான். அதன் நிறமாலை, அதாவது அணியின் ஐகன் மதிப்புகள் என்ற சிறப்பு எண்களைப் பொதுமைப்படுத்திய தொகுப்பு, மெய்யெண் கோடு முழுவதும். அதே உறுப்பை n² ஆக மாற்றினால் அந்தக் கூட்டுத்தொகை ஒருங்கி, ஒரு முடிவுள்ள எண்ணாகிவிடுகிறது. அணி ஒன்றுதான், ஆனால் அதிலிருந்து எண்ணற்ற தன்-இணை நீட்சிகள் (அதைத் தன்-இணை ஆப்பரேட்டராக முழுமைப்படுத்தும் வழிகள்) கிடைக்கின்றன, ஒவ்வொன்றின் நிறமாலையும் தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறுகிறது. உறுப்புகள் வளரும் வேகம் மட்டுமே இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்வதுதான் இத்துறையின் அழகு. இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளையும் உங்கள் மகள் புத்தகத்தைப் பார்க்காமல் நிறுவிக் காட்ட முடிந்தால், அவருடைய ஃபங்ஷனல் அனாலிசிஸ் (முடிவிலிப் பரிமாண வெளிகளின் கணிதம்) அடித்தளம் போதுமானது என்பேன். முடியாவிட்டால், விண்ணப்பத்துக்கு முன் ஓராண்டு அதற்கே ஒதுக்கட்டும்.

வேலையைப் பொறுத்தவரை, இந்தத் தலைப்பைக் குறிப்பிட்டு ஆள் எடுக்கும் நிறுவனம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். நேரான வழி ஆசிரியப் பணியும் ஆராய்ச்சியும்தான். ஆயினும் இதே மும்மூலைவிட்ட அணிகள் கணிப்பியலின் நடுவிலும் இருக்கின்றன: பெரிய சமச்சீர் அணியை இந்த வடிவுக்குக் கொண்டுவரும் லான்சோஸ் முறை 1950 இல் வந்தது, தொகையீட்டைச் சில புள்ளிகளிலுள்ள மதிப்புகளிலிருந்து தோராயமாகக் கணக்கிடும் காஸ் தொகையிடலின் புள்ளிகளை ஜாக்கோபி அணியின் ஐகன் மதிப்புகளாகக் கணக்கிடும் வழியை 1969 இல் கோலப், வெல்ஷ் இருவரும் தந்தார்கள். ஆய்வோடு கூடவே இவற்றைப் பைத்தானில் எழுதிப் பழகினால், அறிவியல் கணிப்பு சார்ந்த பணிகளுக்கும் அவர் தகுதி பெறுவார். ஆனால் அந்தப் பணிதான் அவருடைய உண்மையான விருப்பம் என்றால், முனைவர் பட்டம் சுற்றுவழி. அதைவிடக் குறுகிய படிப்புகள் உள்ளன.

சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் கிடைக்கும். இதனால் படிப்புச் செலவு பெரும்பாலும் உங்கள் மேல் விழாது. ஆனால் வீட்டுக்கடன் தவணையை அவருடைய வருமானத்தை நம்பித் திட்டமிட வேண்டாம். பட்டத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள், பலருக்கு வெளிநாட்டில், தற்காலிக ஆய்வுப் பணி இருக்கும்; நிரந்தர வேலை முப்பது வயதுக்குப் பிறகே அமையலாம். திருமணப் பேச்சையும் இந்த உண்மையை வைத்து அவரோடு கலந்தே முடிவு செய்யுங்கள்.

இந்திய அறிவியல் கழகமும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் மையமும் நம் ஊரிலேயே இருப்பது நல்வாய்ப்பு. ஆனால் நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டும் பேராசிரியர் முக்கியம். அவர் அண்மையில் ஆப்பரேட்டர் கோட்பாட்டில் கட்டுரை வெளியிட்டிருக்கிறாரா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவரிடம் முன்பு பயின்றவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே நேரில் கேட்டறிந்து வரட்டும்.