காஞ்ச ஏரிக்குள்ள என்ன இருக்கு?

கேள்வி: எங்க ஊர் ஏரி சித்திரை வைகாசியில வெடிப்பு விட்டுக் காஞ்சு கெடக்கும், பசங்க அதுலதான் கிரிக்கெட் ஆடுவாங்க. ஐப்பசி மழையில தண்ணி நின்ன பத்து நாள்ல ஒரு கிளாஸ்ல மொண்டு பார்த்தா பொடிப்பொடியா என்னமோ குதிக்குது. மழையோட வானத்துலேர்ந்து விழுதுன்னு எங்க மாமா சொல்றாரு, உண்மையா?
- ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: காத்துலயும் பறவை கால்ல ஒட்டிக்கிட்டும் கொஞ்சம் முட்டை வந்து சேரும்தான், ஆனா பெரும்பாலானது உங்க பசங்க கிரிக்கெட் ஆடுன அந்த மண்ணுக்குள்ளயேதாம்மா இருந்துச்சு.

நீங்க பார்த்த குதிக்கிற பொடி அனேகமா மொய்னா, இல்லன்னா அதோட சொந்தக்காரன் டாப்னியா. கலர் மீன் வளர்க்கறவங்க மீனுக்குப் போடுவாங்களே, அதேதான். தண்ணியும் பாசியும் நல்லா இருக்கறவரைக்கும் இதுக்கு ஆணே தேவையில்ல, அம்மா தனியாவே பொண்ணாப் பெத்துத் தள்ளும், அந்தப் பொண்ணுங்க ஒரு வாரத்துக்குள்ள பெரிசாகி அதுங்களும் பெக்கும், அதான் பத்து நாள்ல கிளாஸ் பூரா குதிக்குது. தண்ணி வத்தி கூட்டம் நெருக்கி சாப்பாடு கொறையும்போதுதான் ஆண் பொறக்குது. அப்ப சேர்ந்து போடற முட்டை வேற ஜாதி. குதிரைச் சேணம் மாதிரி கெட்டியான ஒரு உறைக்குள்ள ஒண்ணு ரெண்டு முட்டை, அது வெயில்ல காஞ்சாலும் சாகாது, அடுத்த தண்ணிக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். எவ்ளோ நாள் காத்திருக்கும்னா, ஐரோப்பாவுல கான்ஸ்டன்ஸ் ஏரியோட அடிமண்ணுல இருபது முப்பது வருஷம் கெடந்த டாப்னியா முட்டைய எடுத்துப் பொரிக்க வச்சே பார்த்திருக்காங்க. ஏரி அழுக்காகி விஷப் பாசி பெருகுன பிறகு வந்த டாப்னியா, பழசைவிட அந்தப் பாசியைத் தாங்குதுன்னு 1999-ல எழுதுனாங்க. அந்த மண்ணு ஏரியோட டைரி மாதிரி எனக்குத் தோணுது.

இன்னும் பொடிசு ரோட்டிஃபர். மைக்ரோஸ்கோப்ல பார்த்தா தலையில ரெண்டு சக்கரம் சுத்தற மாதிரியே இருக்கும். கிட்டத்தட்ட 2,000 இனம் இருக்கு. அதுல டெலாய்டுன்னு ஒரு கூட்டத்துல இதுவரைக்கும் ஆணையே யாரும் பார்த்ததில்ல, எல்லாமே பொண்ணுதான். அது முட்டையாக்கூட மாற வேணாம், உடம்பையே சுருட்டிக் காஞ்சு கெடக்கும், ஈரம் பட்டா எழுந்துக்கும். சைபீரியாவுல சுமார் 24,000 வருஷம் உறைஞ்சு கெடந்த மண்ணுலேர்ந்து ஒண்ணு எழுந்து குட்டியும் போட்டுச்சுன்னு 2021-ல சொன்னாங்க, படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

விட்டு விட்டு சொடக்கு போடற மாதிரி எகிறி, வாலுக்குப் பக்கத்துல ரெண்டு பையில முட்டை தூக்கிட்டுப் போனா அது சைக்ளாப்ஸ், ஒத்தைக் கண்ணுக்காரன். நரம்புச்சிலந்திப் புழு இது வயித்துல இருந்துதான் மனுஷனுக்கு வந்துச்சு, அதனாலதான் அப்ப துணியில வடிகட்டிக் குடிக்கச் சொன்னாங்க. 2000-ல இந்தியாவுல அந்த நோயே இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சிடுச்சு.

காஞ்ச ஏரிதானேன்னு கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டறவங்களைப் பார்த்தா வயிறு எரியுது, ஏன்னா இந்த முட்டையெல்லாம் பெரும்பாலும் மேல் மண்ணுல சில சென்டிமீட்டருக்குள்ளதான் கெடக்கு.

அடுத்த வைகாசியில நடு ஏரியிலேர்ந்து ரெண்டு கைப்பிடி மண்ணு எடுத்து ஒரு கண்ணாடி பாட்டில்ல போட்டு மழைத்தண்ணி ஊத்துங்க, குளோரின் தண்ணி வேணாம். நேர் வெயில் படாம ஜன்னலோரம் வச்சு, ராத்திரி பக்கவாட்டுல டார்ச் அடிச்சு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டுங்க.