அம்மாவின் நகை அடகில் இருக்கும்போது ஊர் பார்க்கப் போகலாமா?

கேள்வி: இரணைமடுக் குளத்துக்கு அருகில் வசிக்கிறேன். அறிவியல் நகரில் பொறியியல் முடித்துவிட்டு, வரும் ஒக்டோபரில் ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகருக்கு இரண்டு வருட முதுமாணிப் படிப்புக்காகப் போகிறேன். விசாவுக்கான புளொக் கணக்கில் (முழுப் பணத்தையும் முன்கூட்டியே வைத்தால் மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் தரும் கணக்கு) 11,904 யூரோ வைப்பிட்டோம். அதில் ஒரு பகுதிக்கு அம்மாவின் நகைகளை வங்கியில் 12 இலட்சம் ரூபாய்க்கு அடகு வைத்தோம். மிகுதியைச் சுவிஸில் இருக்கும் சித்தப்பா கடனாகத் தந்தார். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. அறை வாடகை 380 யூரோ. ரயில், பஸ் டிக்கெட் பல்கலைக்கழகத்தின் தவணைக் கட்டணத்துக்குள் வந்துவிடும். அந்த நாட்டைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்க ஆசை. "படிக்கப் போகிறாயா, ஊர் பார்க்கப் போகிறாயா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இதற்குப் பணம் ஒதுக்குவது பிழையா? இல்லையென்றால் எவ்வளவு ஒதுக்கலாம்?

— வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்: பிழையில்லை, தங்கச்சி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் கணக்கை விடக் குற்ற உணர்வுதான் கூடுதலாகத் தெரிகிறது.

என் அக்காவின் மகனும் ஜேர்மனியில்தான் படித்தான். அவன் திரும்பி வந்தபோது ஒரு சி.ஆர். கொப்பியைக் காட்டினான். ஒவ்வொரு வரியிலும் ஒரு பொருள், அதன் யூரோ விலை, ரூபாய் விலை. "தண்ணீர்ப் போத்தல், 1.99, 697 ரூபாய், வாங்கவில்லை." "கோப்பி, 3.20, 1,120 ரூபாய், குடிக்கவில்லை." பக்கம் பக்கமாக அவன் வாங்காதவற்றின் பட்டியல். முதல் வருடம் அவன் தன் அறையையும் வகுப்பையும் தவிர எதையும் பார்க்கவில்லை. இரண்டாம் வருட நத்தார் விடுமுறையில் நண்பர்கள் பாரிஸுக்குக் கூப்பிட்டார்கள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக உடைந்தது. நான்கு நாளில் 700 யூரோ போய்விட்டது. அந்தப் பணம் அக்காவின் நகை வட்டிக்கென்று அவன் ஒதுக்கி வைத்திருந்தது. மூன்று மாதம் வட்டி கட்டவில்லை. வங்கியிலிருந்து ஏல அறிவித்தல் வந்த அன்று அக்கா அதைக் கையில் பிடித்தபடி என் வீட்டு வாசலில் நின்றார். சீட்டுக்காசை உடைத்துத்தான் நகையைக் காப்பாற்றினோம்.

அவன் ஊதாரி அல்ல. ஊர் பார்க்கவென்று மாதம் ஒரு சிறு தொகையை முதல் நாளிலிருந்தே ஒதுக்கியிருந்தால் அந்த 700 யூரோ போயிருக்காது. ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, பயணத்தைச் செலவுப் பட்டியலில் வாடகையைப் போல ஒரு வரியாக எழுதிவிடுங்கள் என்பதே. எழுதாத ஆசைதான் கணக்கைக் குழப்பும்.

புளொக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வரும். வாடகை 380 போக, மருத்துவக் காப்புறுதிக்கு 150, தவணைக் கட்டணத்தின் மாதப் பங்கு 60, சாப்பாடு 220, தொலைபேசிக்கும், அங்கே ஒவ்வொரு வீடும் கட்ட வேண்டிய வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்தில் உங்கள் பங்குக்கும் 25, உடுப்பு, சில்லறைச் செலவுகளுக்கு 50 என்று வையுங்கள். மொத்தம் 885. மிச்சம் 107 யூரோ. நாம் பேசுவதெல்லாம் இந்த 107 பற்றித்தான்.

அதற்கு முன் ஒரு கேள்வி. அறைக்கு முற்பணம் கட்ட வேண்டியிருக்கும். அங்குள்ள சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். புளொக் கணக்கு மாதம் 992க்கு மேல் தராது. முற்பணத்துக்கு வேறு பணம் கையில் இருக்கிறதா? இல்லையென்றால், புறப்படுவதற்கு முன் தீர்க்க வேண்டிய முதல் விடயம் அதுதான்.

இனி 107க்கு வருவோம். வருடம் முழுவதும் ஒரே அளவில் பிரிக்க வேண்டாம். அப்பாவின் வயல் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். ஒக்டோபரில் காலபோகத்துக்கு உழுது விதைப்பார்கள். விதைநெல், பசளை, உழவு இயந்திரக் கூலி என்று காசு போய்க்கொண்டே இருக்கும். மாசி, பங்குனியில் நெல் விற்கும் வரை உள்ளே வராது. சிறுபோகமோ இரணைமடுவின் நீர்மட்டத்தைப் பொறுத்தது. எவ்வளவு நிலத்துக்குத் தண்ணீர் என்று கூட்டத்தில் தீர்மானித்த பிறகுதான் தெரியும். ஆக, ஒக்டோபர் முதல் பெப்ரவரி வரை உங்கள் வீடு மிகவும் இறுக்கமாக இருக்கும். அம்மாவின் நகை வட்டிக்கு ஆபத்து வரக்கூடிய காலமும் அதுதான். அதே ஐந்து மாதம் அங்கே இலையுதிர்காலமும் குளிர்காலமும். டிசம்பரில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், பாடங்களும் புதிது. ஊர் சுற்ற ஏற்ற காலமல்ல.

எனவே அந்த ஐந்து மாதமும் பயணத்துக்கு 15 யூரோ, மிகுதி 92 கையிருப்புக்கு. மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை பயணத்துக்கு 40, கையிருப்புக்கு 67. வருட முடிவில் பயணத்துக்கு 355 யூரோ செலவாகியிருக்கும், கையிருப்பில் 929 யூரோ இருக்கும். வீட்டில் அறுவடைக்கு முன் அவசரம் வந்தால் நகை வட்டியை அந்தக் கையிருப்பிலிருந்து கட்டலாம். பயணப் பணத்தைக் கையிருப்போடு கலக்காதீர்கள். ஒரு மாதம் எங்கும் போகவில்லையா, அந்த 40 அடுத்த மாதத்துக்குச் சேரட்டும்.

355 யூரோவில் என்ன பார்க்க முடியும் என்று நினைக்காதீர்கள். பயணத்தில் பெரும்பணம் போவது டிக்கெட்டுக்கும் படுக்கைக்கும். டிக்கெட்டை நீங்கள் ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள். தவணைக் கட்டணத்துக்குள் வருவது நாடு முழுவதும் செல்லும் டொச்லாண்ட் டிக்கெட்டின் மாணவர் வடிவம். முழு மாத டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமாகி, 2026 ஜனவரியில் 63 யூரோவுக்கு ஏறியது. மாணவர்களுக்கு அதன் விலை முழு விலையின் 60 வீதம் என்று வகுத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நகர பஸ், டிராம், பிராந்திய ரயில் எல்லாவற்றிலும் போகலாம். ஐ.சி.இ., ஐ.சி. என்ற நெடுந்தூர ரயில்களில் ஏறக்கூடாது. அங்கே ரயில் நிலையங்களில் பெரும்பாலும் வாசல் தடுப்பு இல்லை. யாரும் மறிக்க மாட்டார்கள். பரிசோதகர் உள்ளே வரும்போதுதான் பிழையான ரயிலில் இருப்பது தெரியவரும். தண்டம் குறைந்தது 60 யூரோ, அதாவது உங்கள் ஒன்றரை மாதப் பயணப் பணம். மேடையில் ரயில் வந்து நின்றதும் பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு ஏறுங்கள்.

படுக்கைச் செலவைத் தவிர்க்க, முதல் வருடம் காலையில் போய் இரவில் திரும்பும் இடங்களையே பாருங்கள். டோர்ட்முண்டில் இருப்பதால் உங்களுக்கு அது சுலபம். பக்கத்தில் எஸன் நகரில் சொல்வெரைன் என்ற பழைய நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. 1986இல் மூடினார்கள், 2001இல் உலக மரபுரிமைச் சின்னமாக்கினார்கள். வளாகத்துக்குள் நடந்து பார்க்கக் கட்டணமில்லை. பொறியியல் படித்த உங்களுக்கு அந்த இரும்புக் கோபுரத்தின் கீழே ஒரு முழுநாள் போய்விடும். கோல்ன் நகரப் பேராலயம் பிராந்திய ரயிலில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள். அதன் கோபுர உயரம் 157 மீற்றர். அதிலுள்ள பார்வை மேடைக்கு 533 படி ஏற வேண்டும். கிழக்கே ஹம் நகரில், 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கிறது. ஈழத்திலிருந்து போனவர்கள் எழுப்பிய இராஜகோபுரம். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் நம்மவர்கள் வருகிறார்கள். அங்கு போய் வர உங்களுக்கு டிக்கெட் செலவே இல்லை. பெர்லின், மியூனிக் போன்ற தூர நகரங்களை இரண்டாம் வருடத்துக்கு வையுங்கள். நெடுந்தூர பஸ்ஸோ, பல வாரங்களுக்கு முன் பதிவு செய்த ரயில் டிக்கெட்டோ மலிவாகக் கிடைக்கும்.

சாப்பாட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜேர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பல்பொருள் அங்காடிகள் மூடியிருக்கும். திறந்திருப்பது பெரும்பாலும் ரயில் நிலையக் கடைகள்தான், அங்கே விலை அதிகம். சனிக்கிழமையே வாங்கிச் சமைத்துக்கொள்ளுங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு அம்மா கட்டித் தந்த புட்டும் சம்பலும் நினைவிருக்கிறதா? அதே பழக்கம்தான், டப்பா மட்டும் வேறு. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். ஒரு போத்தலை நிரப்பிக்கொண்டு போங்கள். ஒருமுறை மட்டும் பாவிக்கும் பிளாஸ்டிக் போத்தலுக்கு 25 சதம் வைப்புப்பணம் சேர்த்து எடுப்பார்கள். வெற்றுப் போத்தலை அங்காடியில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும்.

உறவினர் வீடுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். உங்கள் வதிவிட அனுமதியோடு செங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கலாம். சுவிஸும் பிரான்ஸும் அதற்குள் அடங்கும், லண்டன் அடங்காது. சித்தப்பாவிடம் கட்டாயம் ஒருமுறை போய் வாருங்கள். முறிகண்டிக் கச்சான் ஒரு பையாவது கொண்டு போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். ஆனால் யாராவது உறவினர், "விடுமுறைக்கு வந்து கடையில் நில், கையில் காசு தருகிறேன்" என்று அன்பாகக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். உங்கள் மாணவர் அனுமதியோடு வேலை செய்யலாம் என்பது ஜேர்மனிக்குள் மட்டும்தான், அதுவும் வருடத்தில் 140 முழுநாட்கள் அல்லது 280 அரைநாட்கள். பதிவில்லாத வேலையில் பிடிபட்டால் போவது ஒரு மாதச் சம்பளமல்ல, அனுமதியே போகலாம்.

வேலை தேடும்போது முதலில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கேளுங்கள். மாணவ உதவியாளர் வேலை அந்த 140 நாள் கணக்கில் சேராது. 2026இல் அங்கு குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ. உங்கள் மாதப் பயணப் பணம் மூன்று மணித்தியால உழைப்புக்கும் குறைவு. ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு இப்படி மணித்தியாலத்தில் கணக்கிடுங்கள். எது தகும், எது தகாது என்று உடனே தெரியும்.

சம்பளம் வரத் தொடங்கியதும் பயணப் பணத்தை 40க்கு மேல் கூட்டாதீர்கள். சம்பளத்தில் பாதி நகைக்கு, பாதி இரண்டாம் வருடத்துக்கு. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த காலத்துக்கும் பணம் இருக்கிறது என்று மீண்டும் காட்ட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டுக் கடைசி மாதத்தில் கைமாற்றுக்கு அலைகிறார்கள். நகைக்குரிய பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். வங்கியில்லாமல் ஆள்வழியே அனுப்பும் உண்டியலில் இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கலாம், ஆனால் பணம் வந்து சேராவிட்டால் கேட்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் உங்களிடம் இருக்காது. சித்தப்பாவின் கடனை நகை மீண்ட பிறகு தீர்க்கலாம். அதை இப்போதே அவரிடம் சொல்லி, மாதம் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் கேட்கிற கேள்விக்கு எண்ணால் பதில் சொல்லுங்கள். "ஊர் பார்க்க வருடத்துக்கு 355 யூரோ, அவசரத்துக்கு 929 யூரோ" என்று அப்பாவிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். இரண்டு போகத்துக்கும் வரவு செலவு பார்க்கிற மனிதருக்கு அது விளங்கும். புறப்படுவதற்கு முன் அடகுச் சீட்டின் இரு பக்கத்தையும் தொலைபேசியில் படம் எடுத்து, மீட்க வேண்டிய திகதியை அலாரத்தில் பதிந்துவிடுங்கள். ஒரு மாதம் முன்கூட்டியே அடிக்கும்படி வையுங்கள்.