வீடியோ காலில் மனநல சிகிச்சை: நீங்கள் கேட்டவை

கே: மனநல மருத்துவரைப் பார்க்க எங்கள் ஊரிலிருந்து அரை நாள் பயணம். வீடியோ காலில் பார்த்தால் நேரில் பார்த்த மாதிரி வருமா?

ப: பெரும்பாலும் வரும். கொரோனாவில் பிறந்த குறுக்குவழி இது என்று நினைக்காதீர்கள், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1959-லேயே இருவழித் தொலைக்காட்சி வைத்துக் குழு சிகிச்சை நடத்தினார்கள், 1964-ல் 112 மைல் தள்ளியிருந்த ஒரு மனநல மருத்துவமனையையும் அதில் இணைத்தார்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பேச்சு சிகிச்சை திரையிலும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. ஆனால் லேசான கை நடுக்கமும் குடித்த வாடையும் கேமராவுக்குத் தெரியாது. லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு எல்லாம் அவ்வப்போது பார்த்தாக வேண்டும். திரை வழியாக ஊசி குத்த முடியாதே! அதனால் டாக்டர் யார் என்று விசாரிக்கும்போதே, ரத்தம் எடுக்கவும் எடை பார்க்கவும் உள்ளூரில் எந்த நர்ஸ் இருக்கிறார் என்றும் கேட்டுவிடுங்கள்.

கே: பேசும்போது சிக்னல் போய்ப் போய் வருகிறது.

ப: படத்தை அணைத்துவிட்டுக் குரலில் பேசுங்கள். படம் போனால் சமாளிக்கலாம், பேச்சு அறுந்தால் கஷ்டம். ஒருமுறை ஒருவர் ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொல்கிறாரே, சோர்வு முற்றிவிட்டதோ என்று குறித்தே வைத்துவிட்டேன். இணைப்புதான் தாமதம் என்று அப்புறம் தெரிந்தது. இன்னொன்று: எங்கே இருக்கிறீர்கள், இணைப்பு போனால் எந்த எண்ணில் கூப்பிடலாம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை ஆரம்பத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்காவிட்டாலும்.

கே: தம்பி சிறையில் இருக்கிறான். டாக்டர் திரையில் வந்தாலும் காவலர் பக்கத்திலேயே நிற்பதால் வாய் திறப்பதில்லை.

ப: அவன் பயம் நியாயம்தான். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளில் 31-வது, மருத்துவப் பரிசோதனை முழு ரகசியத்தோடு நடக்க வேண்டும் என்கிறது. காவலர் கண்ணுக்கு எட்டுகிற, காதுக்கு எட்டாத தூரத்தில் நிற்கலாம். ஹெட்போன் கொடுத்துவிட்டோமே என்பார்கள். அது டாக்டர் பேசுவதைத்தான் மறைக்கும், தம்பி பேசுவது அறை முழுக்கக் கேட்கும். அறையில் யார் இருக்கிறார்கள் என்று டாக்டரே தொடக்கத்தில் கேட்டு, கேமராவைச் சுற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமாக, இவர் சிகிச்சை தருகிற டாக்டரா, நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுத வந்தவரா என்று தம்பி முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும். அறிக்கைக்கு வந்தவரிடம் சொன்னது வழக்கில் வந்து நிற்கலாம், திரையில் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

கே: டிவி தன்னிடம் பேசுகிறது என்று நம்புகிறவரைத் திரை முன்னால் உட்கார வைக்கலாமா?

ப: பயந்தது போல ஆவதில்லை, சிலர் நேரில் பேசுவதைவிட இதில் தைரியமாகவே பேசுகிறார்கள். பதிவு செய்யவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அது உண்மையாகவும் இருக்க வேண்டும். மிரண்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடலாம்.

கே: அண்ணன் அடுத்த மாதம் விடுதலையாகிறார். உள்ளே பார்த்த டாக்டரையே தொடரலாமா?

ப: முடிந்தால் கட்டாயம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், முதல் 2 வாரத்தில் அவர்கள் இறக்கும் அபாயம் அந்த மாநிலத்தின் மற்ற மக்களுக்கு இருந்ததைப் போல 12.7 மடங்கு இருந்தது, அதில் போதைமருந்து அளவு மீறியதுதான் முதல் காரணம். திரைக்கு ஒரு வசதி உண்டு, அண்ணன் எந்த ஊருக்குப் போனாலும் அதே முகம் வரலாம். அதற்கு அங்கே அனுமதி உண்டா என்று இப்போதே கேளுங்கள், வெளியே வந்த முதல் வாரத்துக்குள் ஒரு நேரம் வாங்கி வையுங்கள். கையில் 2 வார மாத்திரை, மருந்துச் சீட்டு, சார்ஜ் போட்ட ஒரு போன். சிறை வாசலுக்குப் போகும்போது இதெல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள்.