தீனி போட்டும் திலாப்பியா வளரவில்லை

கேள்வி: முத்தையன்கட்டு வாய்க்கால் தண்ணீரில் அரை ஏக்கரில் குளம் வெட்டி, தெரிந்தவர் பெரிய குளத்தில் பிடித்துத் தந்த திலாப்பியாக் குஞ்சுகளை விட்டேன். எட்டு மாதமாகியும் எல்லாம் உள்ளங்கை அளவில்தான் நிற்கின்றன. தவிட்டோடு புண்ணாக்கும் கூட்டிப் போடலாமா ஐயா?

பதில்: வேண்டாம் தம்பி, காசுதான் கரையும். உங்கள் மீனுக்குத் தீனி குறைவில்லை, குளத்தில் வாய்கள்தான் கூடிவிட்டன.

தண்ணீர் வற்றும்போது கரையோரச் சேற்றைப் பாருங்கள். சாப்பாட்டுத் தட்டுப் போல வட்ட வட்டமாகக் குழிகள் இருக்கும். அவை ஆண் மீன் வாயால் மண் அள்ளிச் செய்த கூடுகள். பெண் அதில் முட்டையிட்டு, உடனே வாய்க்குள் எடுத்து அடைகாக்கும். பொரித்த குஞ்சும் ஆபத்து வந்தால் தாயின் வாய்க்குள் ஓடிவிடும். அதனால் நிறையக் குஞ்சுகள் பிழைக்கின்றன. நெருக்கடியான குளத்தில் மூன்று மாதத்திலேயே இனம்பெருக்கத் தொடங்கும். வாயில் முட்டை இருக்கும் நாளெல்லாம் தாய் சரியாகச் சாப்பிடாது, பிறகு எப்படி வளரும்?

ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து ஆறுகளின் மீன் இது, 1952இல் நம் குளங்களுக்கு வந்தது. (கலிலேயாக் கடலோரத்தில் பேதுருவின் மீன் என்று பொரித்துக் கொடுப்பதும் இதன் உறவு மீன்தான்.) வன்னியில் கடலுக்குத் தூரமான எத்தனையோ வீடுகளில் கறிச்சட்டி மணக்க வைத்த மீன். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

சரி, செய்ய வேண்டியது இதுதான். காலபோக மழைக்கு முன், ஆவணி புரட்டாதியில் குளத்தை முழுக்க வற்றவிடுங்கள். பெரியதை விற்று, சிறியதைக் கருவாடு போடுங்கள். அடிச்சேறு வெடிக்கும்வரை காயட்டும். ஒரு சிறங்கைச் சேற்றுத் தண்ணீர் மிஞ்சினாலும் அதில் குஞ்சு கிடக்கும், இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். மறுபடி நீர் கட்டும்போது வாய்க்கால் வாயில் நுண்வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் காட்டுக் குஞ்சுகள் திரும்ப வந்துவிடும்.

பிறகு ஆண் குஞ்சுகளை மட்டும் விடுங்கள். உங்கள் பகுதி நக்டா (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) விரிவாக்கல் உத்தியோகத்தரிடம் தனி ஆண் திலாப்பியா கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே பிரிக்கலாம். மீன் முப்பது கிராம் தாண்டியதும் மல்லாத்தி, மலவாயிலுக்குப் பின்னால் உள்ள சிறு முனையில் ஒரு துளி மை தடவித் துடையுங்கள். ஆணுக்கு அந்த முனையின் நுனியில் ஒரு துளைதான். பெண்ணுக்கு அதோடு குறுக்கே ஒரு கீறலும் தெரியும். முதல் நூறு மீனில் பிழை விடுவீர்கள், பிறகு கை பழகிவிடும். சதுர மீற்றருக்கு இரண்டு மீன் போதும், உங்கள் குளத்துக்கு நாலாயிரம்.

தப்பிய பெண்களின் குஞ்சைத் தின்ன, இருபது திலாப்பியாவுக்கு ஒரு விரால் என்று சேருங்கள். விரால் திலாப்பியாவைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், பெரியதானால் விட்ட மீனையே விழுங்கிவிடும். மழை இரவில் அது கரையேறி ஊர்ந்து போகும், ஆகவே முழங்கால் உயரத்துக்கு வலை அடைத்த பிறகே விராலை விடுங்கள்.