கரண்ட் இல்லாத ராத்திரி: ஓர் ஒலி விளையாட்டு பற்றிய கேள்வி பதில்

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர், வேலை முடிந்த இரவுகளில் தனியாக உட்கார்ந்து ஒரு விளையாட்டு செய்திருக்கிறார். திரையில் ஒன்றுமே வராது, எல்லாம் சத்தம்தான். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த நாள் இரவு. கரண்ட் போய்விட்டது, பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. திருவட்டாறுக்கு மேலே ரப்பர் தோட்டத்துக்குள் தனியாக இருக்கும் பாட்டிக்கு நீங்கள் மருந்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இடது, வலது கட்டைவிரலால் மாற்றி மாற்றித் தட்டினால் நடப்பீர்கள். ஒரு விரலால் இழுத்தால் திரும்புவீர்கள். இரண்டு விரலால் தட்டினால் கைதட்டுவீர்கள். இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது.

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். தக்கலையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன், ஒலி விளையாட்டுகளைப் பல வருடமாக ஆடிவருகிறேன். ஆடிப் பார்த்தவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்படி தம்பி என்னிடம் கேட்டார்.

நாகர்கோவில், கல்லூரி மாணவர்: அண்ணே, ஜெனரேட்டர் சத்தம் முன்னால கேக்குதா பின்னால கேக்குதான்னே தெரியல. நேரா போறோம்னு நினைச்சு நடந்தா வந்த ரோட்டுக்கே திரும்பி வந்துருதேன்.

முதல் தடவை ஆடுகிற எல்லோருக்கும் இது நடக்கும் தம்பி, உங்கள் காதில் குறை ஒன்றும் இல்லை. சத்தம் ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். வலப்பக்கம் எழுந்த சத்தம் இடது காதுக்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பிந்தி வந்துசேரும். அந்தச் சின்னப் பிந்தலையும், தலை மறைப்பதால் குறையும் ஓசையையும் வைத்துத்தான் மூளை பக்கத்தைச் சொல்கிறது. சத்தம் நேர் முன்னாலோ நேர் பின்னாலோ இருந்தால் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடும், வித்தியாசமே இருக்காது. நிஜத்தில் காது மடல் உதவுகிறது. அதோடு நாம் அறியாமலே தலையை லேசாகத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறோம். விளையாட்டுக்குள் இருப்பது பொதுவாகக் கணக்கிட்ட ஒரு காது, உங்களுடைய மடல் அல்ல. நீங்கள் தலையைத் திருப்பினாலும் போனுக்குத் தெரியாது.

அதனால் விரலால் திரும்புங்கள். நின்ற இடத்திலேயே கொஞ்சம் வலப்பக்கம் இழுங்கள். சத்தம் இடது காதுக்கு நகர்ந்தால் அது முன்னால் இருக்கிறது, வலது காதுக்கு நகர்ந்தால் பின்னால். திசை நிச்சயமாகும்வரை ஓரடிகூட வைக்காதீர்கள். இந்த விளையாட்டில் தோற்பவர்கள் பெரும்பாலும் நடந்துகொண்டே கேட்பவர்கள்தான்.

மார்த்தாண்டம்: புளூடூத் இயர்போன் போதுமா? ஸ்பீக்கரில் ஆடலாமா?

ஸ்பீக்கர் வேண்டாம், திசை எல்லாம் கலந்துவிடும். வயர் உள்ள சாதாரண இயர்போன் விலை குறைவானாலும் நல்லது. புளூடூத்தில் சத்தம் பிந்தி வரும், நீங்கள் நின்ற பிறகும் செருப்பு ஓரடி கேட்கும். எல் என்று போட்டிருப்பது இடது காதில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். போன் அமைப்பில் மோனோ ஆடியோ இருந்தால் அணைத்துவிடுங்கள், அது இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிவிடும். சரவுண்டு மாதிரி அலங்காரங்களும் வேண்டாம்.

இரணியல்: சார், நானும் பார்வை இல்லாதவன்தான். டாக்பேக் ஓடும்போது விரலால் இழுத்தால் விளையாட்டு அசையவே இல்லை.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக், விரல் அசைவை முதலில் எடுத்துக்கொள்வதால் வரும் சிக்கல் அது. விளையாட்டைத் திறந்த பிறகு இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால் டாக்பேக் நிற்கும். முடிந்ததும் அதேபோல் அழுத்தினால் திரும்பி வரும். அந்தக் குறுக்குவழியை அமைப்பில் முன்பே இயக்கி வைத்திருக்க வேண்டும். நம்மைப் போன்றவர்கள்தான் முதலில் ஆடப்போகிறோம் என்று தெரிந்தும் இதைத் தொடக்கத்திலேயே குரலில் சொல்லாமல் விட்டது தவறு என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

குலசேகரம்: தோட்டத்துக்குள்ள விழுந்து கிடக்கிற மரத்தைத் தாண்டவே முடியல அண்ணே. எப்படிப் போனாலும் முட்டுது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அதனால் முழு விடையும் சொல்லாமல் வழி மட்டும் காட்டுகிறேன்.

மழை விட்டபின் இலையிலிருந்து சொட்டும் தண்ணீர், பால் பிடிக்க ரப்பர் மரங்களில் கட்டியிருக்கும் சிரட்டைகளில் விழுகிறதைக் கவனித்தீர்களா? வெறும் சிரட்டை கணீரென்று கேட்கும், நிறைந்தது மெத்தென்று கேட்கும். சொட்டு கேட்கும் இடத்தில் மரம் நிற்கிறது என்று அர்த்தம். வரிசையாகச் சொட்டு வந்து ஓரிடத்தில் நின்றுபோனால் அங்கே மரங்கள் சாய்ந்திருக்கின்றன. இப்போது காலடியைக் கேளுங்கள். சருகுச் சத்தமும் சுள்ளி முறிவதும் கூடிக்கொண்டே போனால் நீங்கள் மரத்தின் கொண்டைப் பக்கம் போகிறீர்கள், கிளைகள் பின்னிக் கிடக்கும், அங்கே வழி இல்லை. திரும்பித் தூர்ப் பக்கம் வாருங்கள். வேரோடு பெயர்ந்த மரத்தடியில் பள்ளம் இருக்கும், பள்ளத்தில் தண்ணீர் இருக்கும், தண்ணீரில் தவளை கத்தும். அந்தத் தவளைச் சத்தத்தை எந்தக் காதில் வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.

இதில் எதையும் ஒரு குரல் விளக்குவதில்லை. "மரம் விழுந்து கிடக்கிறது, வலப்பக்கம் போ" என்று சொல்லி நடக்க வைத்திருந்தால் அது ஒலி விளையாட்டு ஆகாது, கதை வாசிப்பு ஆகிவிடும். அந்த உறுதிக்காகவே இதை நான் மதிக்கிறேன்.

தக்கலை, ரப்பர் வியாபாரி: அண்ணாச்சி, ரப்பர் காய் வெடிக்கிற சத்தம் போட்டிருக்காரு. நவம்பர்ல ஏது காய்?

சரியாகப் பிடித்தீர்கள். காய் வெடிப்பது ஆடி, ஆவணியில். கார்த்திகையில் வராது. நம் ஊர்க்காரர் காதுக்கு அது உடனே பொய்யாகப் படும். எடுத்துவிடும்படி எழுதியிருக்கிறேன்.

ஆனால் வேறோர் இடத்தில் அவர் நன்றாக யோசித்திருக்கிறார். கரண்ட் இல்லாததால் கோவில், சர்ச், பள்ளிவாசல் எதிலும் ஒலிபெருக்கி கேட்காது. கயிறு இழுத்து அடிக்கும் மாதா கோயில் மணி மட்டும் கேட்கும். அந்த ஒரு மணிதான் விளையாட்டு முழுவதுக்கும் திசை காட்டுகிறது.

கன்னியாகுமரி: இதெல்லாம் பார்வையற்றவர்களுக்காகச் செய்வதுதானே? கண் தெரிந்த என் மகன் எதற்கு ஆட வேண்டும்?

1997-இல் ஜப்பானில் கென்ஜி ஏனோ என்பவர் செகா சாட்டர்ன் என்ற விளையாட்டுக் கருவிக்குப் படமே இல்லாத ஒரு விளையாட்டு செய்தார். தம் விளையாட்டுகளைப் பார்வையற்றவர்கள் எவ்வளவு சிரமப்பட்டு ஆடுகிறார்கள் என்று நேரில் அறிந்தபின் செய்தது அது. இந்தக் கருவிக்கு மட்டும் தருகிறேன், பதிலுக்கு ஆயிரம் கருவிகளைப் பார்வையற்றவர்களுக்குக் கொடுங்கள் என்று செகா நிறுவனத்திடம் கேட்டார். கண் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே விளையாட்டைச் சமமாக ஆட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். தனியாக ஒதுக்கிக் கொடுக்கும் பொருளாக அதை அவர் நினைக்கவில்லை. 2010-இல் ஐபோனுக்கு வந்த பாப்பா சாங்ரே, 2015-இல் பிரான்சிலிருந்து வந்த எ பிளைண்ட் லெஜண்ட் இரண்டையும் கண் தெரிந்தவர்களும் ஏராளமாக ஆடினார்கள்.

இந்த விளையாட்டில் நானும் உங்கள் மகனும் ஒரே இருட்டில் நிற்கிறோம். நான் முதலில் போய்ச் சேருவேன், பழக்கம் அப்படி. அவனும் பழகிவிடுவான்.

கருங்கல், ஆசிரியை: என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒரு காது கேட்காது. அவளும் ஆட ஆசைப்படுகிறாள்.

இப்போது இருக்கிற நிலையில் அவளால் ஆட முடியாது டீச்சர், அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இரண்டு காதின் வித்தியாசத்தை மட்டும் நம்பித்தான் திசை அமைந்திருக்கிறது. சரிசெய்ய வழி உண்டு. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோமோ அந்தப் பக்கத்துச் சத்தம் தெளிவாகவும், முதுகுப் பக்கத்துச் சத்தம் மூடிய கதவுக்கு அப்பால் கேட்பதுபோல் மங்கலாகவும் வந்தால் ஒரு காதாலும் திசை பிடிக்கலாம். கூடவே போன் லேசாக அதிர்ந்தால் இன்னும் எளிது. அந்தப் பிள்ளையைப் பற்றித் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அடுத்த பதிப்பில் முதலில் இதைச் செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவளே ஆடிப் பார்த்துச் சொன்னால் நல்லது.

வள்ளவிளை: ஒக்கியில் எங்கள் ஊரில் போனவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அதை வைத்து விளையாட்டா?

அக்கா, உங்கள் கோபம் நியாயமானது. நீரோடி முதல் இரையுமன்துறை வரை கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு இழவு விழுந்த நாள் அது. ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் ஆனவர்களுக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. அந்தக் கரையில் நின்று காத்திருந்தவர்களிடம் யாரும் இதை விளையாட்டு என்று சொல்லிக்கொண்டு வரக்கூடாது.

இந்தத் தம்பி கடலுக்குள் போகவில்லை. படகையோ அலையையோ தொடவில்லை. தனக்குத் தெரிந்த மலையோரத்து இரவை மட்டும் எடுத்திருக்கிறார். மரமும் மின்கம்பமும் சாய்ந்து, நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் அது. ஒரே இடத்தில் கடல் வருகிறது. வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் பேட்டரி ரேடியோ ஓடும், கரை திரும்பாத படகுகளைப் பற்றிச் செய்தி வரும். நிற்கலாம், நிற்காமலும் போகலாம். நின்றால் புள்ளி கிடையாது, போனால் தண்டனை கிடையாது. ஆனால் நீங்கள் அங்கே நிற்கிற நேரமெல்லாம் செய்தி முடியாது, வாசிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும்.

நான் அங்கே வெகுநேரம் நின்றேன். அந்த இடம் சரியா தவறா என்று சொல்லும் உரிமை உங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் உண்டு. யாராவது கேட்டுவிட்டு எடு என்று சொன்னால் எடுத்துவிடுவதாகத் தம்பி சொல்கிறார். என் கருத்தைக் கேட்டால், இருக்க வேண்டும். அந்த இரவைப் பற்றிய ஒரு கதையில் கடற்கரை ஊர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் போவது அதைவிடப் பெரிய பிழை.

சென்னையில் இருக்கும் நாகர்கோவில்காரர்: பாட்டி பேசுவது என் மனைவிக்குப் புரியவில்லை. பொதுத் தமிழில் மாற்றலாமே?

வேண்டாம். "மக்களே, பைய வா, வழுக்கும்" என்று அந்தக் குரல் சொல்லும்போது அவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு பதற்றமாக இருக்கிறார் என்பதெல்லாம் குரலிலேயே இருக்கிறது. இரண்டு தடவை கேட்டால் புரிந்துவிடும்.

களியக்காவிளை: இடையில் நிறுத்திச் சேமிக்கவே முடியவில்லை. இதுவும் சோதனை முயற்சியா?

வேண்டுமென்றே விட்டதாக அவர் சொல்கிறார். எனக்கு உடன்பாடில்லை. மெனு இல்லாதது, வரைபடம் இல்லாதது, குரல் விளக்கம் இல்லாதது எல்லாம் நல்ல துணிச்சல். வீட்டில் யாராவது கூப்பிட்டால் எழுந்துபோக முடியாதது துணிச்சல் ஆகாது. ஓடைக்கரையில் ஒன்று, பாட்டி வீட்டு வாசலில் ஒன்று, இரண்டு இடத்திலாவது சேமிக்க வழி வேண்டும்.

ஆரல்வாய்மொழி, பிளஸ் டூ மாணவி: நானும் இப்படி ஒன்று செய்யணும் மாமா. எங்க ஊர்ல கரண்ட் எடுக்கிற காற்றாடிகளை வச்சு. எங்க தொடங்க?

கதையை எழுதித் தொடங்காதே மக்களே, சத்தத்தைப் பதிவு செய்து தொடங்கு. கையில் இருக்கும் போன் போதும். உங்கள் ஊர்க் காற்று மைக்கில் நேராக அடித்தால் வெறும் இரைச்சல்தான் பதிவாகும். சுவர் ஓரம் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மைக் மேல் பஞ்சுறையோ கைக்குட்டையோ சுற்றிப் பதிவு செய். காற்றாடியை அடியில் நின்று ஒருமுறை, வயலின் அந்தப் பக்கம் நின்று ஒருமுறை, ரோட்டில் நின்று ஒருமுறை எடு. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் 6 டெசிபெல் குறையும். ஆனால் வெறுமனே வால்யூமைக் குறைத்தால் தூரம் வந்துவிடாது. தூரத்துச் சத்தத்தில் கூர்மை போய்விடும், அடிக்குரல்தான் மிஞ்சும். மூன்று பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் உனக்கே விளங்கும். எங்கே பதிவு செய்தாலும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சும்மா இருக்கிற ஓசையையும் எடுத்து வை. அதை அடியில் ஓடவிட்டால்தான் இடம் இடமாக இருக்கும்.

வெட்டி ஒட்ட ஆடாசிட்டி இருக்கிறது, இலவசம். விளையாட்டாக ஆக்க கோடோ என்ற இலவசக் கருவி இருக்கிறது. உலாவியிலேயே செய்வதானால் வெப் ஆடியோ வசதியில் காதுக்கேற்ற திசை ஒலி உள்ளேயே அமைந்திருக்கிறது, பத்திருபது வரி நிரலில் ஒரு சத்தத்தை உன்னைச் சுற்றிப் பறக்கவிடலாம்.

கைதட்டல் வைக்க ஆசை இருந்தால் கணக்கு இது: 17 மீட்டர் தள்ளிச் சுவர் இருந்தால் எதிரொலி பத்தில் ஒரு பங்கு வினாடியில் திரும்பும், தனியாகக் கேட்கும். சுவர் கிட்டே வந்துவிட்டால் தனி எதிரொலி கேட்காது, கைதட்டலின் நிறமே மாறும். நான் தெருவில் கம்பைத் தட்டி நடக்கும்போது சுவர் எது, சந்து எது என்று பிரித்து அறிவது அப்படித்தான். முதல் விளையாட்டில் ஒரு வயல், ஒரு காற்றாடி, ஒரு வீடு போதும்.

குளச்சல்: பத்து வயசுப் பையன் ஆடலாமா?

ஆடலாம், பக்கத்தில் நீங்கள் இருங்கள். மெல்லிய சத்தம் கேட்கவில்லை என்று பிள்ளைகள் வால்யூமைக் கூட்டிவிடுவார்கள், திடீரென்று மரம் முறியும். பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபெல் வரைதான் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. மரம் முறியும் இடத்தை நீங்கள் முதலில் கேட்டு, அதற்கேற்ப வால்யூமை வைத்துவிட்டுக் கொடுங்கள். அமைதியான அறையில் ஆடினால் கூட்டவே தேவைப்படாது.

மார்த்தாண்டம்: இரண்டாம் பாகம் வருமா?

பாட்டி வீட்டிலிருந்து விடியும்போது திரும்பி நடப்பது இரண்டாம் பாகம். பாதி முடிந்திருக்கிறது. பழைய போன்களில் சத்தம் விட்டு விட்டு வருவதாகப் புகார் இருப்பதால், அப்படிப்பட்ட போன் வைத்திருப்பவர்கள்தான் இப்போது தம்பிக்கு வேண்டும். ஆடுகிறவர்கள் போனின் பெயர், இயர்போன் வயரா புளூடூத்தா, எந்த இடத்தில் நின்றுபோனது, கடைசியாகக் கேட்ட சத்தம் எது என்ற நான்கையும் குறித்து அவருக்கு அனுப்புங்கள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் அவரால் எதையும் திருத்த முடியாது.