மகளுக்கு இப்போதே வீடு கட்டக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36, ஊர் களுவாஞ்சிகுடி. கணவருக்கு 41. மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் கம்பனியில் டெக்னீசியன், கைக்கு 85,000 ரூபாய் வரும். நான் வீட்டில் தையல், மாதம் 25,000 அளவில். இரண்டும் பெண் பிள்ளைகள், ஒன்பது வயது, நாலு வயது. அம்மா எங்களோடு இருக்கிறார். அம்மாவுக்கு நாங்கள் ஆறு பேர், நான் கடைசி. மூன்று பெண் பிள்ளைகளுக்கும் இதே வளவுக்குள் வீடு கட்டித் தந்தவர் அம்மா. எங்களுக்கோ இரண்டு பேரை வளர்க்கவே மாதக் கடைசியில் கை கடிக்கிறது. எங்கள் வருமானம்தான் குறைவா, நாடு முழுக்க இப்படியா? சீமெந்தும் கம்பியும் இன்னும் விலை ஏறும், மூத்தவளின் வீட்டுக்கு இப்போதே வங்கியில் 25 இலட்சம் எடுப்போம் என்கிறார் கணவர். மாமி இன்னொரு பிள்ளை, ஆண் பிள்ளையாக, வேண்டும் என்கிறார். மாதம் 10,000 கட்டும் சீட்டு ஒன்று இருக்கிறது, ஒரு சங்கிலி அடகில் இருக்கிறது. கணக்கு எழுதிய கொப்பித் தாளையும் அனுப்புகிறேன்.

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைவிட அந்தக் கொப்பித் தாளைத்தான் நான் பலமுறை பார்த்தேன். சாப்பாடு 52,000, ரியூசனும் பள்ளி வானும் 14,000, கரண்ட் தண்ணீர் போன் 8,500, பெற்றோல் 7,000, சீட்டு 10,000, கோயில் கலியாணம் செத்தவீடு 5,000, மாமிக்கு 3,000. இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதுகிற வீடுகள் குறைவு. அதற்கு நடுவில் ஒரு வரி: "அம்மா மருந்து 9,000. பெரியண்ணன் 3,000, மூத்தக்கா 2,000, சின்னண்ணன் 2,000, நாங்கள் 2,000." உங்கள் கேள்வி முழுவதற்கும் பதில் அந்த வரிக்குள்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், வருமானம் குறைவா என்று கேட்டீர்கள். நாட்டுச் சராசரியோடு ஒப்பிட்டு மனம் உடையாதீர்கள், சராசரி ஆளை ஏமாற்றும். 2019ஆம் ஆண்டுக் குடும்ப வருமான செலவின அளவீட்டில் இலங்கைக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய். ஆனால் எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தி நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தைப் பார்த்தால், அதன் வருமானம் 53,333 மட்டும்தான். வரிசையின் மேல் நுனியில் நிற்கும் கொஞ்சப் பேர் சராசரியை மேலே இழுத்துவிட்டார்கள். நீங்கள் ஒப்பிட வேண்டியது அந்த நடுக் குடும்பத்தோடு.

அப்புறம் விலை. ஒரு ஆள் ஒரு மாதம் சீவிக்க ஆகக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று அரசாங்கம் போடும் வறுமைக் கோடு 2019இல் 6,966 ரூபாயாக இருந்தது, 2024இல் அது 16,000ஐத் தாண்டி நின்றது. ஏறத்தாழ இரண்டே கால் மடங்குக்கும் மேல். அந்தக் கணக்கில் 2019இன் நடுக் குடும்பம் 53,333 ரூபாயில் நடத்திய சீவியத்தை இன்று நடத்த 120,000க்குக் கொஞ்சம் மேலே வேண்டும். உங்கள் இருவர் உழைப்பும் சேர்ந்து 110,000, சாப்பிடும் வாய் ஐந்து. அதனால்தான் கை கடிக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம் வரை போனது நினைவிருக்கும். அதன் பிறகு விலை ஏறும் வேகம்தான் குறைந்தது, ஏறின விலை பெரும்பாலும் ஏறின இடத்திலேயே நிற்கிறது. உங்கள் கெட்டித்தனத்தில் ஒரு குறையும் இல்லை.

அம்மா ஆறு பேரை வளர்த்தது எப்படி? அம்மாவிடம் உங்களைவிடக் காசு கூட இருக்கவில்லை. பிள்ளை ஒன்றுக்கு ஆகும் காசுச் செலவு அன்றைக்குக் குறைவு. 1945இலிருந்து பள்ளிக்கூடம் இலவசம், அதற்கு மேலே ரியூசன் என்று ஒரு செலவு அன்று இல்லை. முட்டை வளவுக்குள், மீன் வாவிக்குள், தண்ணீர் கிணற்றுக்குள். மூத்த பிள்ளை இளையதைத் தூக்கிச் சுமந்தது. அதுவும் சண்டைக் காலத்தில், ஓடுவதும் திரும்பி வருவதுமாக. அந்த மனுசி செய்ததை நினைத்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அந்தக் கணக்கை இன்றைக்குக் கொண்டுவந்து போட முடியாது. இன்று நாலு வயதுப் பிள்ளைக்கே வான் காசும் பாலர் பாடசாலைக் காசும் மாதம் தவறாமல் போகிறது.

நாடு முழுக்க இதுதான் நடக்கிறது. 1981 கணக்கெடுப்பில் இலங்கைச் சனத்தொகையில் 15 வயதுக்குக் கீழ் இருந்தவர்கள் 35 வீதம். 2012இல் அது 25.2. 2024இல் 20.7. ஆண்டுக்குப் பிறக்கும் குழந்தைகள் 2013இல் மூன்றரை இலட்சத்துக்கும் மேல், பத்து வருசம் கழித்து 2023இல் இரண்டரை இலட்சம்கூட இல்லை. கிழக்கில் நமக்கு நாட்டின் மற்ற இடங்களைவிடப் பிள்ளைகள் இன்னும் கூடத்தான், ஆனால் போகிற திசை அதேதான். கலியாணம் பிந்துகிறது, பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள், இளம் ஆட்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறார்கள், 2022 நெருக்கடி பல வீடுகளில் அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட வைத்தது.

இதே காலத்தில் 65 வயதைத் தாண்டியவர்கள் 2012இல் 7.9 வீதம், 2024இல் 12.6 வீதம். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2012இல் நாட்டில் வயதானவர் ஒருவருக்கு 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் மூன்று பேருக்கு மேல் என்ற கணக்கில் இருந்தார்கள். 2024இல் ஒன்றரைக்குச் சற்று மேல்.

இப்போது அந்த மருந்து வரி. 9,000 ரூபாயை நாலு வீடு பங்கு போட்டதால் உங்கள் பங்கு 2,000. அம்மாவுக்கு ஓய்வூதியம் இல்லை, வைப்பில் காசும் இருந்திருக்காது. ஆறு பிள்ளைகள்தான் அவருடைய ஓய்வூதியம். அதனால் கையில் வந்ததையெல்லாம் மூன்று வீடாகக் கட்டித் தந்துவிட்டு அவரால் நிம்மதியாக இருக்க முடிந்தது. நீங்களும் அவரைப் போலவே எல்லாவற்றையும் வீடாக்கினால், உங்களுக்கு 70 வயதாகும்போது இரண்டு பெண் பிள்ளைகள், அவர்களின் இரண்டு குடும்பங்கள், அந்தப் பக்கம் அவர்களின் மாமன் மாமி. உங்கள் மருந்துக் காசு யாருடைய கொப்பியில் எழுதப்படும்?

இதை நான் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். போன மாரியில் படுவான்கரையில் ஒரு வீட்டுக்குக் கடன் விசயமாகப் போனேன். முன் வீடு மகளுக்குச் சீதனமாக உறுதி எழுதிக் கொடுத்தாயிற்று. தாயும் தகப்பனும் பின்னால் இறக்கிய தகரப் பத்தியில். தகப்பன் மேசன், அந்த வீட்டைத் தன் கையாலேயே கட்டியவர். பால்மா டின்னுக்குள் பிரஷர் குளிசைக் கார்ட் ஒன்றை வைத்திருந்தார். குளிசைகள் எல்லாம் பாதி பாதியாக உடைத்திருந்தன. ஏன் என்று கேட்டேன். "மாதக் கடைசி வரைக்கும் வரவேணுமே தம்பி" என்றார். மகள் கெட்டவள் இல்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உங்களைப் போலத்தான் அவளும் திண்டாடுகிறாள்.

ஆகவே வீட்டுக் கடன் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 25 இலட்சத்தை வருசத்துக்கு 13 வீத வட்டியில், 15 வருசத்தில் கட்டுவதாக வைத்தால் மாதத் தவணை 31,600 ரூபாய் வரும். கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 57 இலட்சம் போயிருக்கும். உங்கள் தாளின்படி எல்லாம் போக மிச்சம் 8,500. சீட்டையே நிறுத்தினாலும் 18,500தான். கடைசித் தவணை கட்டும்போது கணவருக்கு வயது 56. சாமான் விலை ஏறும் என்று அவர் பயப்படுவது நியாயம், ஆனால் வட்டியும் விலைதான். அதோடு மூத்தவளுக்கு ஒன்பது வயது. படித்து வேலைக்கு எங்கே போவாள், எந்த ஊரில் இருப்பாள் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்? வளவில் இடம் இருக்கிறது, அந்த இடம் எங்கும் ஓடிப்போகாது. அவளுக்கு வீடு தரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் பெண் பிள்ளைக்கு வீடு என்பது அவளுக்குக் காலடி நிலம், அதன் பெறுமதி எனக்குத் தெரியும். கடன் எடுத்து, பதினைந்து வருசம் முந்தி, உங்கள் முதுமையை அடகு வைத்துக் கட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நீங்கள் இருக்கும் வீட்டை என்றைக்காவது ஒரு மகளுக்கு எழுதினால்கூட, நீங்கள் இருவரும் உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருக்கும் உரிமையை உறுதியிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சு போதாது.

காசு வேறு எங்கே இருக்கிறது? முதலில் கணவரின் சம்பளச் சிட்டையில். கைக்கு வருவதை எழுதினீர்கள், ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் 8 வீதம், கம்பனி 12 வீதம், மொத்தம் 20 வீதம் மாதாமாதம் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியம் என்ற வேறொரு நிதிக்குக் கம்பனி இன்னொரு 3 வீதம். பல இடங்களில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் குறைத்துக் காட்டி மிச்சத்தைப் படி என்று கொடுப்பார்கள். உதாரணத்துக்கு, மொத்தம் 90,000 வாங்குகிறவருக்கு 45,000 மட்டும் காட்டினால் சேமலாப நிதிக்குப் போவது 9,000. முழுதுக்கும் போட்டால் 18,000. வாழ்க்கைச் செலவுப் படியும் இதற்குள் சேர வேண்டும், மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. இந்த மாதமே கணக்குக் கூற்றை எடுத்துப் பாருங்கள். குறைவாக இருந்தால் முதலில் கம்பனியிடம் மரியாதையாகக் கேட்கட்டும், சரிவராவிட்டால் தொழில் அலுவலகம் இருக்கிறது. 55 வயதில் அவருக்குக் கிடைக்கப் போகும் பெரிய தொகை இதுதான். வீட்டுக்கென்று இதில் 30 வீதம் முன்கூட்டி எடுக்க வழி இருக்கிறது, யாராவது அதைச் சொல்லித் தருவார்கள். தொடாதீர்கள்.

உங்களுக்கு, தங்கச்சி, அப்படி எதுவும் இல்லை. தையல் மெசினில் இருந்து எழும்பிய அன்றோடு வருமானம் நிற்கும். பிரதேச செயலகத்தில் சமூகப் பாதுகாப்புச் சபையின் அலுவலர் இருப்பார். சுயதொழில் செய்பவர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தை அவரிடம் கேளுங்கள். உங்கள் வயதுக்கு மாதம் எவ்வளவு, 60இல் எவ்வளவு வரும் என்று எழுதித் தருவார். மாதம் 4,000 ஒதுக்கலாம் என்பது என் கணக்கு. உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

சீட்டுக் காசு 2 இலட்சம் கைக்கு வந்தவுடன் அத்திவாரம் வெட்டத் தோன்றும். முதலில் சங்கிலியை மீட்டுவிடுங்கள். அடகு வட்டியைக் கட்டிக்கொண்டு வைப்பு வட்டி வாங்குவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற வேலை. மிச்சத்தை வங்கியில் போடுங்கள், மூன்று மாதச் செலவு, அதாவது 3 இலட்சம், சேரும்வரை அது வளரட்டும். இந்தச் சீட்டு முடிந்தால் இன்னொன்றில் சேராதீர்கள். சீட்டுப் பிடிக்கிற அக்கா நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கு ஒரு கஷ்டம் வந்தால் உங்கள் காசுக்கு யாரும் பொறுப்பில்லை. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியில் போட்டால் ஒரு ஆளுக்கு 11 இலட்சம் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. ஒரு சின்ன விசயம்: 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். வருச வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். நீங்கள் இருவரும் கொடுக்கலாம்.

ரியூசனில் ஒன்றைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். புலமைப்பரிசிலுக்கு ஒரே பாடத்தை இரண்டு இடத்தில் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை பின்னேரம் ஆறரைக்கு வீட்டுக்கு வருகிறாள் என்பதை வாசித்தபோது எனக்குக் காசுக் கணக்கே மறந்துபோனது. ஒரு இடம் போதும், 3,500 மிஞ்சும். இப்போதைய 8,500ஓடு சேர்த்தால் 12,000. அதில் 4,000 உங்கள் ஓய்வூதியத்துக்கு, 5,000 அவசரக் காசுக்கு, 3,000 இரண்டு மகள்களின் கணக்குக்கும். சீட்டு முடிந்த பிறகு விடுபடும் 10,000த்தில் பாதியை மகள்களின் பெயரில் ஏற்றலாம். வீட்டுக்கோ படிப்புக்கோ, பதினைந்து வருசம் கழித்து அவர்களோடு இருந்து கதைத்து முடிவெடுங்கள்.

மாமியின் ஆசையைப் பற்றி: பிள்ளை பெறுவதைப் பாஸ் புத்தகம் பார்த்து முடிவு செய்யச் சொல்கிற ஆள் நான் இல்லை. உங்களுக்கும் கணவருக்கும் மனம் இருந்தால் அந்தப் பிள்ளை வரட்டும், மேலே சொன்ன கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் போடலாம். ஆனால் வயதான காலத்தில் பார்க்க ஒரு ஆண் பிள்ளை என்ற எண்ணத்தில் வேண்டாம். உங்கள் அம்மா இன்று இருப்பது கடைசி மகளின் வீட்டில். மாமியிடம் அதையே மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

சேமலாப நிதிக் கூற்று கைக்கு வந்ததும் அதன் மொத்தத்தையும், சம்பளச் சிட்டையில் அடிப்படைச் சம்பளம் என்று போட்டிருக்கும் தொகையையும் எனக்கு எழுதுங்கள். 55 வயதில் எவ்வளவு நிற்கும் என்று போட்டு அனுப்புகிறேன்.