நாளை மறுநாள் முகூர்த்தம், மருதாணி ஆரஞ்சாகவே இருக்கிறது

கையில் வைத்த மருதாணி சிவக்கவில்லையே, மேலே இன்னொரு கோன் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்று அதன் மேல் இன்னொரு கோன் போட வேண்டாம். காலையில்தான் உதிர்த்தீர்கள் என்றால் ஆரஞ்சாக இருப்பதுதான் முறை. இலையிலுள்ள லாசோன் என்ற சாயம் தோலில் ஏறிய பிறகு, காற்றுப் பட்டுக் கருஞ்சிவப்பாக மாற 24 முதல் 48 மணி நேரம் ஆகும். முகூர்த்தத்துக்குள் சிவந்துவிடும்.

ஆனால் உதிர்த்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவியதாக எழுதியிருக்கிறீர்கள். நிறம் மந்தமாக இருக்க அதுதான் காரணமாக இருக்கலாம். இரவு வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். யாராவது பாத்திரம் தேய்க்கச் சொன்னால், கல்யாணப் பெண் என்று சொல்லித் தப்பிக்க இதைவிட நல்ல சமயம் வராது.

நாளைக் காலையில் உள்ளங்கையைப் பாருங்கள், புறங்கையை அல்ல. தோல் தடிப்பான இடத்தில்தான் நன்றாகப் பிடிக்கும். அங்கும் வெளிறியிருந்தால் கோன் பழையதாக இருக்கக்கூடும். அப்போது உடனே அதே கோடுகளின் மேல் புதிதாகக் குழைத்த மருதாணியை வைத்தால் ஓரளவு ஏறும்.

உடனே கறுக்கும் என்று விற்கும் கறுப்புக் கோன் பக்கம் மட்டும் போகாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும். ஒவ்வாதவர்களுக்குக் கை கொப்பளித்துவிடும். சிலருக்குத் தழும்பே நின்றுவிடும்.